அருமைநாயகத்தின் பதினொரு நிமிடங்கள்

நீங்கள் பாளையங்கோட்டை வரைக்குமா? நல்லதாயிற்று. சன்னல் பக்கம் நீங்களே இருந்துகொள்ளுங்கள். எனக்குக் காற்று இரையாமல் இருந்தால் போதும். காதில் இதை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கேட்க வேண்டும். பாட்டு இல்லை. என் வீட்டுக்காரர் பேசுகிறார். அவர் இறந்து பத்து மாதம் ஆகிறது.

அப்படிப் பார்க்காதீர்கள். எனக்குச் சித்தம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், புற்றுநோய்க்கு மட்டும் பார்க்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் வந்தவர்களுக்குக் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். எடுத்தபிறகு பேச்சு வராது. கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாக மூச்சு மட்டும் போகும் வரும். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் அவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து நாலு மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்து வைப்போம். பிறகு அந்தக் குரலிலேயே மெஷின் பேசும்படி செய்து தரலாம். இல்லாவிட்டாலும் அவர்கள் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளலாம். நூற்றறுபத்து மூன்று பேருடைய குரல் எங்களிடம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பிரிவில் இரண்டே பேர். ரூபஸும் நானும். ரூபஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவர், பதவியில் பெரியவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையை விட்டுப் போன அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஏழு வருடம் ஒரே அறையில், ஒரே ஃபிளாஸ்க் காபி. மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இருங்கள், முறையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் புரியாது.

குரல்களெல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. பெரிய டிஸ்க் பெட்டி. அதை ஆள்வதற்கு இரண்டு சர்வர். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது நின்றுவிட்டால் இரண்டாவது எழுந்து வேலையை வாங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் எதுவும் நிற்கக் கூடாது, அதற்குத்தான் இரண்டு. நொடிக்கு ஒரு தரம் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். அதற்கென்று நடுவில் ஒரு வயர்.

ஒரு நாள் பதில் வரவில்லை என்று வையுங்கள். அது செத்துவிட்டதா, அல்லது நடுவில் வயர்தான் போய்விட்டதா? இரண்டாவதற்கு அது தெரியாது. செத்துவிட்டது என்று நம்பிப் பெட்டியைத் தொட்டால், அதுவோ உயிரோடு அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே இருக்கும். கண் தெரியாத இரண்டு பேர் ஒரே நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதுவது போல. அதனால் ஒரு ஏற்பாடு உண்டு. பதில் வரவில்லையென்றால் முதலில் மற்றதன் கரண்டைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியாயிற்று என்று உறுதியான பிறகே பெட்டியில் கை வைக்க வேண்டும். ரூபஸ் அதை ஒரு அட்டையில் எழுதி, சர்வர் அடுக்கியிருக்கிற ரேக்கிலேயே ஒட்டியிருந்தார். “உசுரோட இருக்கானான்னு தெரியலைனா, கொன்னுட்டுத் தொடு.” வருகிற டாக்டர்களெல்லாம் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்டுகிற வாசகமா இது என்பார்கள்.

“சார், இதைக் கொஞ்சம் மரியாதையா எழுதக் கூடாதா?” என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன்.

“மரியாதையா எழுதினா யாரும் பயப்பட மாட்டாங்க அக்கா.”

அப்படிப்பட்டவர்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்கே அந்த நோய் வந்தது. அருமைநாயகம் என்று பெயர். சாந்தி நகரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பேசுகிற மனிதர் இல்லை. காலையில் பட்டறை, சாயங்காலம் வந்தால் சாப்பாடு, ரேடியோ. “குழம்பு எப்படி?” என்றால், “இருக்கு.” அவ்வளவுதான். இருபத்தாறு வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் வீட்டில் பேச்சுக்குக் காரணமும் குறைவு. டாக்டர் பேச்சு போய்விடும் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்து, “உனக்கு ஒண்ணும் பெரிய வித்தியாசம் தெரியாது” என்றார். டாக்டர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பதிவுக்கு நாள் குறித்துக் கொடுத்தது ரூபஸ்தான். புதன்கிழமை காலை. வியாழக்கிழமை ஆபரேஷன். அந்த வாரம் செவ்வாயிலிருந்து எனக்கு லீவு. ரூபஸும் செவ்வாய், புதன் இரண்டு நாள் லீவு, அவர் மச்சினன் கல்யாணம்.

அந்த வாரத்தில்தான் அந்த வயர் வம்பு பண்ணிக்கொண்டிருந்தது. பிளக்கில் ஏதோ தளர்ச்சி. ஒன்றுமே நடக்காதபோது பதில் வரவில்லை என்று நினைத்து ஒன்று மற்றதன் கரண்டைப் பிடுங்கிவிடும். திங்கட்கிழமை அப்படி நடந்தது. உள்ளே ஒரு டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்கள், பதிவு பாதியில் நின்றுவிட்டது. முதலிலிருந்து பேசச் சொன்னோம். பாவம், அதற்குள் தொண்டை கட்டி, படிக்கக் கொடுத்ததில் மூன்றாம் பக்கத்தோடு போதும் என்று எழுந்துவிட்டார்கள். அழுதுகொண்டு போனார்கள். அதைப் பார்த்தவள் நான். புதன்கிழமை என் மனிதர் போய் உட்காரும்போது நான் என்ன செய்வேன்? அவருக்கு ஏற்கெனவே நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். மறுநாள் கத்தி. இன்னொரு தரம் பேச இன்னொரு நாளே கிடையாது.

அணைத்து வைத்தேன். சர்வரை இல்லை. அந்தக் கரண்ட் பிடுங்குகிற ஏற்பாட்டை மட்டும். நாலு மணி நேரத்துக்கு. ரூபஸின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவரே கொடுத்தது, லீவு நாட்களில் தேவைப்படும் என்று. அதைப் போட்டு, இரண்டு வரி தட்டி, முடிந்தது. உள்ளே போய் அவரிடமும் சொன்னேன், “நடுவுல நிக்காது, தைரியமா பேசுங்க” என்று.

முதலில், பதிவு எடுக்கிற நர்ஸ்கள் கொடுக்கிற வாக்கியங்களைப் படிக்க வேண்டும். அது முடிந்ததும், இனி உங்கள் இஷ்டம், எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்று விடுவார்கள். அந்த இடம் வந்ததும் என்னை வெளியே போகச் சொன்னார்.

“நீ கேக்காத. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு பேருமா இருந்து கேப்போம்.”

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினார். பேசினார், பேசினார். இரண்டு மணி பத்து நிமிடம். நடுநடுவே தண்ணீர். ஒரு தரம் தலையைச் சாய்த்துச் சிரித்தார். எதற்குச் சிரித்தார்? என்னிடம் பேசாத மனிதர் அந்த மைக்கிடம் என்னத்தைத்தான் பேசினார்?

வெளியே வந்தார், கைக்குட்டையெல்லாம் ரத்தம். உடனே வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். அந்த நேரத்தில் எதைத் திருப்பிப் போட வேண்டும், எதை அணைக்க வேண்டும் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. பிறகு நெஞ்சில் சளி, காய்ச்சல், மூச்சுக் கருவி. பத்தொன்பதாம் நாள் டாக்டர் ஒரு தாளை நீட்டினார். இனிக் கருவிதான் மூச்சு விடுகிறது, எடுத்துவிடலாமா என்று. உள்ளே அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். கையெழுத்துப் போட்டேன்.

நாற்பதாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போடவில்லை என்று அன்றைக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ரேக்குக்கு முன்னால் போய் நின்றேன். அந்த அட்டை. உசுரோட இருக்கானான்னு தெரியலைனா, கொன்னுட்டுத் தொடு. படித்தேன். கை போகவில்லை. நாளைக்குப் போடலாம் என்று வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. பிறகு பார்த்தால், அது இல்லாமலே இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பதிவும் பாதியில் நிற்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். ரூபஸ்கூட, “வயரு தானா சரியாப்போச்சு போல அக்கா” என்றார். சரியாக ஓடுகிறதை எதற்குக் கிளற வேண்டும்?

அவர் பேச்சையும் நான் கேட்கவில்லை. தினமும் அந்தப் பெயரைத் திரையில் பார்ப்பேன். அருமைநாயகம், மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். ஒரு தட்டுத் தட்டினால் போதும். இரண்டு பேருமாகக் கேட்போம் என்றாரே, ஒருத்தியாக எப்படிக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம், நெஞ்சு கொஞ்சம் ஆறட்டும், கேட்கலாம். இருக்கத்தானே போகிறது, எங்கே போய்விடும் என்று.

எல்லாம் போனதற்கு ஒரு ஏ.சி. மெக்கானிக்தான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, ரேக்குக்குப் பின்னால் ஏணி வைத்து ஏறி, அந்த வயரைக் காலால் இடித்து எடுத்துவிட்டான். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. இருக்கியா என்று கேட்டது, பதில் இல்லை. இரண்டாவது எழுந்து பெட்டியைத் தொட்டது. முதலாவதும் விடவில்லை. சாயங்காலம் செக்யூரிட்டி வந்து, வயர் தொங்குகிறதே என்று அவன் பாட்டுக்குச் சொருகிவைக்கிற வரைக்கும், ஆறு மணி நேரம், இரண்டும் எழுதியிருக்கின்றன. ஒன்று காலியிடம் என்று நினைத்த இடத்தில் மற்றது ஏற்கெனவே ஒருவரை வைத்திருந்தது. பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் ஜோடி டிஸ்க் உண்டு. ஆனால் ஜோடி டிஸ்க் என்ன செய்யும்? ஒன்றில் தவறாக எழுதினால் மற்றதிலும் அதே தவறை அந்த நொடியே எழுதிக்கொள்ளும், நல்ல பிள்ளை மாதிரி. வாரம் ஒருமுறை வெளியில் எடுத்து வைக்கிற நகலும் அன்று சாயங்காலம்தான். பழைய நல்லதன்மேல் புதிய கெட்டது போய் உட்கார்ந்துகொண்டது.

பதினொரு நாள் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெயர்களெல்லாம் திரையில் அப்படியே இருந்தன. பிறகு உவரியிலிருந்து ஒருவர் வந்தார், கடலுக்குப் போகிறவர், மகள் கல்யாணத்துக்குத் தன் குரலில் நாலு வார்த்தை ஆசீர்வாதம் போட வேண்டும் என்று. காதில் மாட்டிவிட்டேன். முகம் மலர்ந்தது. விரலால் தொடையில் தாளம் போட்டார். பிறகு விரல் நின்றது. சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். “இது நான் இல்லை.”

நான் வாங்கிக் கேட்டேன். அவர் குரல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையின் நடுவில், ஒரு கிழவி சிரித்தாள்.

நான் அவரை எழுப்பி அனுப்பிவிட்டு முதலில் யாருடையதைத் திறந்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி என் மனிதர் இருந்தார். கிணற்று மோட்டாரைப் பற்றி. “தண்ணி ஏறலைன்னா மோட்டார அடிக்காத, மொதல்ல குழாய் அடியில ஃபுட் வால்வப் பாரு, அதுல எலை மாட்டியிருக்கும்.” ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடியும் ஃபுட் வால்வுதான். அதற்குப் பிறகு யாரோ ஒரு வாத்தியார் வாய்ப்பாடு சொன்னார். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

விசாரணை வைத்தார்கள். டைரக்டர், இன்னும் இரண்டு பேர். அந்தக் கரண்ட் பிடுங்குகிற ஏற்பாடு அணைக்கப்பட்ட தேதி, மணி, யார் பெயரில் என்று எல்லாம் மெஷினே எழுதிவைத்திருந்தது. ரூபஸ் பெயரில். அன்று லீவில் இருந்தீர்களே என்றார்கள், வீட்டிலிருந்தும் செய்யலாம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ரூபஸ் அந்தத் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். புதன்கிழமை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

என்னிடமும் கேட்டார்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று. “நான் அந்த வாரம் லீவு சார், வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்” என்றேன். பொய்யா? லீவுதான். ரிஜிஸ்டரில் இருக்கிறது. டைரக்டர் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, நீங்க உக்காருங்கம்மா என்றார்.

ரூபஸ், “நான்தான் சார் பொறுப்பு” என்றார். ஒரு மனிதர் தானாக ஒத்துக்கொள்கிறபோது நான் நடுவில் புகுந்து என்ன சொல்ல முடியும்? அவருக்கும் ஏதாவது நியாயம் இருக்கும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்க மாட்டார்கள், விஷயம் பரவிவிட்டது. அப்போதுதான் அந்தக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போனார். போகும்போது அந்தக் கெட்டுப்போன பெட்டியின் நகல் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறார். குப்பைதானே என்று கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது திசையன்விளையில் சொந்த ஊரில் பேட்டரி, இன்வெர்ட்டர் கடை. போன வாரம் போன். “அக்கா, ஒரு நாள் வாங்க. உங்க வீட்டு சார் குரல் கொஞ்சம் கிடைச்சிருக்கு.”

இன்றைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் வீடு. அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஆறு மாதமாக ராத்திரி கடையை மூடிவிட்டு உட்கார்ந்து அந்தக் குப்பையைத்தான் பொறுக்கிக்கொண்டிருக்கிறாராம் இந்த மனிதர். துண்டு துண்டாக, பெயரில்லாமல் கிடக்கும். ஒவ்வொன்றையும் கேட்டு, இது இன்னார் குரல் என்று அடையாளம் பிடித்துச் சேர்க்க வேண்டும். நாற்பத்தொரு பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். உவரிக்காரருக்கு அரை மணி நேரம். கல்யாணம் முடிந்துவிட்டது, ஆனாலும் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் பதினொரு நிமிடம். இதோ, இந்த போனில் போட்டுக் கொடுத்தார். காதில் மாட்டிவிட்டு அவர் கடைப்பக்கம் எழுந்து போய்விட்டார்.

பட்டறையைப் பற்றிப் பேசுகிறார். கூட வேலை பார்த்த இசக்கியைப் பற்றி, பாளை மைதானத்தில் சின்ன வயதில் பார்த்த சர்க்கஸ் பற்றி. நன்றாகப் பேசுகிறார். இவ்வளவு நன்றாகப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எட்டாவது நிமிடத்தில் ஒரு இருமல். பிறகு சொல்கிறார்:

“நான் பேசுறது பாதில நின்னிரக் கூடாதுன்னு சுகி இதுல என்னத்தையோ அணைச்சு வச்சிருக்கா. ரூபஸு பாஸ்வேர்டுல போட்டேன்னு சொன்னா. அந்தத் தம்பிக்குத் தெரியாது போல. லேத்துல மூடியக் கழத்திட்டு ஓட்டினா என்ன ஆவும்னு என் வெரலக் கேட்டாத் தெரியும். நான் முடிச்சதும் அதத் திருப்பிப் போடச் சொல்லி யாராவது அவகிட்ட ஞாபகப்படுத்துங்க. நான் மறந்தாலும் மறந்திருவேன்.”

பிறகு மறுபடியும் சர்க்கஸ்.

கேட்டு முடித்துக் கடைப்பக்கம் வந்தேன். ரூபஸ் ஒரு பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா அக்கா?”

“கேட்டேன்.”

“ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு எடத்துல வையுங்க. ஒரே வீட்டுல ரெண்டையும் வைக்காதீங்க. என்கிட்ட இருந்ததை அழிச்சிட்டேன்.”

“ஏன் சார் அழிச்சீங்க?”

“அது உங்க வீட்டுப் பேச்சு. நான் வச்சிருக்கக் கூடாது.”

சுரண்டுவதை நிறுத்திவிட்டு நின்றார். எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. உள்ளே பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. “பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்” என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஏறி, இந்த சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்குச் சொல்லாமல் போனதற்கு இன்றைக்காவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். இல்லை.

இதை டைரக்டரிடம் கொடுக்கலாம். யோசிக்காமல் இல்லை. கொடுத்தால் அந்த மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் மனிதர் குரலைக் கேட்பார்கள். நான் முழுதாக ஒருமுறை அழுதுகூட முடிக்கவில்லை. இன்றைக்கு இனி ஆபீஸ் இருக்காது. நாளைக்கு இரண்டாம் சனி. திங்கட்கிழமை டைரக்டர் ஊரில் இருப்பாரோ என்னவோ.

இல்லாவிட்டால் அந்த நாலு வரியை வெட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது இரண்டு நிமிட வேலை. இருமலுக்குப் பிறகு வெட்டி, சர்க்கஸோடு ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூலைக்கரைப்பட்டி தாண்டினதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். கத்தரிக்கோல் படம் போட்டிருக்கிறது பாருங்கள், அதைத் தொட்டால் போதும்.

வீட்டில் என்னை ஏளா என்பார், இல்லாவிட்டால் இந்தா என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. இந்தப் பதினொரு நிமிடத்தில் ஒரே ஒரு தரம்தான் சுகி என்கிறார். அது அந்த நாலு வரிக்குள் இருக்கிறது.